சுற்றும் வட்டத்தின் எதிரி

மவுஸின் வாலைப் பிடித்துத் தூக்கி, மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டுகிறார் ரென்ஸ்கே போஸ்மா. புதிதாக வேலைக்குச் சேருகிற எவருக்கும் முதல் வாரம் இதுதான் வரவேற்பு. கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு, தான் கட்டிய இணையப் பக்கத்தில் தானே ஒரு படகுச் சீட்டு எடுத்துக் காட்ட வேண்டும். பொத்தான் வரைக்கும் போய்ச் சேர முடியாமல் தவிப்பவர்களை உப்பில்லாத மோரைக் குடித்தபடி வேடிக்கை பார்ப்பார்.

"பொத்தான் வேணும்னா பொத்தானை வை. வெறும் பெட்டிக்குப் பெயின்ட் அடிச்சுப் பொத்தான்னு பேர் வச்சா, அது சுவத்துல வரைஞ்ச கதவு. முட்டிக்கத்தான் முடியும்."

என் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கியபோது ஊர் முக்கில் என் படம் போட்டு பிளெக்ஸ் கட்டினார்கள். இன்றும் அதைப் பெருமையாகத்தான் சொல்வேன். நான்கு வருடங்களுக்கு முன் கடல் தாண்டி வந்து, லேவார்டன் நகரத்தில் இணையப் பக்கங்கள் கட்டும் இந்தச் சின்ன நிறுவனத்தில் சேர்ந்த அன்று ரென்ஸ்கேவிடமும் சொன்னேன்.

"ரொம்ப நல்லது தம்பி. மவுஸைக் குடு" என்றார்.

வயது ஐம்பத்தெட்டு. தினமும் எதிர்காற்றில் பதினான்கு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருகிறார். போகும்போதும் எதிர்காற்றுதான் என்று சத்தியம் செய்கிறார். கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய மலிவு போன் வைத்திருக்கிறார், பேசுவதற்கு அல்ல. நாங்கள் எழுதும் எந்தப் பக்கமும் முதலில் அந்தப் போனில் திறக்க வேண்டும். சிக்னல் மெலிந்துபோகும் சரக்கு லிஃப்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திறந்து பார்ப்பார். திறக்கவில்லை என்றால் உள்ளேயிருந்து ஒரு கெட்ட வார்த்தை கேட்கும். இந்த ஊர்க்காரர்களின் ஃப்ரீசிய மொழியில் நான் முதலில் கற்றது அதைத்தான்.

வாரம் ஒரு முறை தன் சொந்த வலைத்தளத்தில் பத்து வரிக்கு மிகாமல் ஒரு துண்டு நிரல் போடுவார். கீழே ஒரே ஒரு வாக்கியத்தில் ஊரையே திட்டியிருப்பார். அவற்றில் எனக்குப் பிடித்தது, பக்கம் வரும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டத்தைப் பற்றியது: "அந்த வட்டத்தைக் காட்டுறதுக்கு நாலு எம்.பி. டேட்டா. அது சுத்துறதுக்குக் காரணமே அந்த நாலு எம்.பி.தான்." எவனோ எழுதிய எழுநூறு நிரல் பொட்டலங்களை இறக்கி அடுக்கிவிட்டு 'நான் எழுதினேன்' என்பவர்கள் மீதும் அவருக்குத் தீராத பாசம் உண்டு. நானும் அப்படி அடுக்கியவன்தான். என் முதல் படிவத்தில் தொள்ளாயிரம் வரிகளை அழித்துவிட்டு நாற்பதை மிச்சம் வைத்தார். நாற்பதும் வேலை செய்தன. அந்தக் கோபம் எனக்கு ஒரு மாதம் இருந்தது.

தீவுக்குப் போகும் படகுகளுக்குச் சீட்டு எடுக்கும் பக்கம் அவர் பதினோரு வருடங்களுக்கு முன் கட்டியது. அதில் போனுக்குள் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் நிரல் ஒரு வரிகூட இல்லை. வெள்ளைத் தாள், நான்கு கட்டங்கள், ஒரு பொத்தான். வரிப் படிவம் மாதிரி இருக்கும். கண் சிமிட்டுவதற்குள் திறக்கும். போன வசந்தத்தில் எங்கள் குழுத் தலைவன் யோரிட் அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று கட்டினான். முப்பத்தொரு வயது, நல்லவன். அவன் கட்டிய பக்கத்தில் அலை அடிக்கும், கடல்நாய் எட்டிப் பார்க்கும்.

"அதை எடுத்துட்டு இதைப் போட்டா நானும் கிளம்பிடுவேன்" என்றார் ரென்ஸ்கே, ரொட்டிக்கு நடுவில் பாலாடைக்கட்டியை வைத்துக்கொண்டே. "மிரட்டல் இல்ல, யோரிட் ராசா. தகவல்."

"எங்க போவே?"

"வீட்டுக்கு. காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும்."

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

பழைய பக்கமா புதுப் பக்கமா என்று முடிவு செய்ய வேண்டியவர் படகு நிறுவனத்து கெர்பென். அலுவலகத்தில் வைத்துக் காட்டக் கூடாது, படகில்தான் காட்ட வேண்டும் என்று ரென்ஸ்கே பிடிவாதம் பிடித்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் படகில் நால்வரும் ஏறினோம். நடுக்கடலில் சிக்னல் ஒற்றைக் கோடாக இளைத்தது. யோரிட் தன் பக்கத்தைத் திறந்தான். வெள்ளைத் திரை. நடுவில் வட்டம் சுற்றியது. கடுகு சூப்பு வாங்கி, குடித்து முடித்து, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன், இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"கடல்நாய் நீச்சலடிச்சு வருது போல" என்றார் ரென்ஸ்கே.

பிறகு கெர்பென், நாயோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளைக் கூப்பிட்டு, ரென்ஸ்கே கட்டிய பழைய பக்கத்தில் திரும்பும் சீட்டை எடுக்கச் சொன்னார். பக்கம் சட்டென்று திறந்தது. அந்த அம்மாள் கட்டங்களை நிரப்பிப் பொத்தானை அமுக்கினார். மெலிந்த சிக்னலில் பதில் வரத் தாமதமானது. திரையில் ஒன்றும் அசையவில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். சற்று நேரத்தில் இரண்டு சீட்டுகள் வந்து விழுந்தன.

"நாய்க்கும் சேத்து எடுத்திருக்கே! நல்ல பக்கம்" என்றார் அந்த அம்மாள்.

ரென்ஸ்கேவின் முகம் மாறியது. கெர்பெனின் முகம் மாறவில்லை. "இது தினம் நடக்கறதுதானே. காலைல கவுன்டர் பொண்ணு உக்காந்து ரெண்டாவது சீட்டையெல்லாம் ரத்து பண்ணிடுவா. பதினோரு வருஷமா."

"பதினோரு வருஷமா? ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"இன்டர்நெட்டோட குணமே அதுன்னு நெனச்சோம்."

யோரிட் மெதுவாகச் சொன்னான்: "ரெண்டு வருஷம் முன்னாடி அதுக்கு மூணு வரி ஸ்கிரிப்ட் எழுதி உன் பக்கத்துல சேத்தேன். ஒரு தரம் அமுக்குனதும் பொத்தான் அணைஞ்சிடற மாதிரி. மறுநாள் பாத்தா காணோம்."

"நான்தான் அழிச்சேன்" என்றார் ரென்ஸ்கே.

"'பொத்தானுக்குப் பூ வைக்காதே'ன்னு குறிப்பு வேற எழுதியிருந்தே."

கெர்பென் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு வெள்ளையா நிக்கற பக்கமும் வேணாம், ரெண்டு ரெண்டா குட்டி போடற பக்கமும் வேணாம். தீவு வர இருபது நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள இந்த ரெட்டைச் சீட்டு நின்னா பழைய பக்கமே இருக்கட்டும். இல்லன்னா புதுசு. வட்டத்தோட வாழப் பழகிக்கறேன்."

சிக்னல் மேல்தளத்தில்தான் கொஞ்சம் தேறும். ஏறினோம். சாரல் அடித்தது. ரென்ஸ்கே ஈர பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, பழைய பதிவுகளைத் தோண்டினார். அழித்த மூன்று வரிகளும் சிவப்பு நிறத்தில் அப்படியே கிடந்தன. பொத்தானை அணைக்கிற நடு வரி `button.disabled = true;` என்றிருந்தது. பக்கத்தில் யோரிட்டின் பெயர், கீழே இவர் எழுதிய குறிப்பு. அதை மீட்டெடுக்க ஒரு விசை போதும். விரல் அதன் மேல் போனது, நின்றது.

"இந்த ஸ்கிரிப்ட் ஓடாத போன்ல என்ன ஆகும்?" என்றார், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"அப்பவும் உன் பக்கம் திறக்கும். சர்வர் பக்கமும் ஒரு வரி போட்டா ரெண்டாவது சீட்டைத் தூக்கி எறிஞ்சிடும். எங்க போடணும்னு எனக்குத் தெரியும்" என்றான் யோரிட்.

தன் நிரலில் வேறொருவர் விரல் பட விடாத மனுஷி அவர். மடிக்கணினியை அப்படியே தூக்கி யோரிட்டின் முழங்கால்மேல் வைத்தார். எழுந்து, போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றினார். அவன் தட்டத் தொடங்கியதும், காற்று அடித்த பக்கம் போய் நின்றுகொண்டு, கோட்டை இரண்டு கையாலும் அவன் தலைக்கும் திரைக்கும் மேலே விரித்துப் பிடித்தார்.