செருப்பில்லாமல் வந்த பெருமாள்

ஞாயிற்றுக்கிழமை காலை முகம் மழித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்தார். "டிராயிங் மாஸ்டருக்கு மூச்சு வாங்குதாம் சார். உங்களக் கூப்ட்டுக்கினே இருக்காராம்." கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஏகாம்பரம் மாஸ்டர் கண்ணை மூடிவிட்டார்.

ராணிப்பேட்டையில் ஒரே பள்ளியில் அவர் சித்திரமும் நான் தமிழும் கற்பித்து வந்தோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேலூர் லாங் பஜாரில் பழைய படப்புத்தகம் ஒன்றை வாங்கினார். அதில் சில நூற்றாண்டுகளுக்கு முன் இத்தாலியில் யாரோ பேனாவால் வரைந்த படம் இருந்தது. கடலோரப் பாறையில் சங்கிலியால் கட்டுண்ட இளவரசி. அவளை விழுங்க வரும் பூதம். சிறகு முளைத்த செருப்பணிந்து வானிலிருந்து வாளோடு பாயும் வீரன். அந்த வீரனை வரைந்து வரைந்தே வீட்டிலிருந்த காகிதத்தையெல்லாம் தீர்த்தார். "பூதத்த யார் வேணா போடலாம் சார். காப்பாத்த வர்றவனோட அவசரத்தப் போடறதுதான் கஷ்டம்" என்பார்.

பிறகு பஜனை மடத்துச் சுவரில் கஜேந்திர மோட்சம் வரையும் வேலை வந்தது. முதலை வாயில் கால் சிக்கிய யானை கதற, பெருமாளைக் கருடன்மேல் உட்காரவைக்காமல் அந்த வீரனைப் போலவே பாயவிட்டார். ஊரே வாய்பிளந்து பார்த்தது. ஆனால் கைப்பழக்கம் பொல்லாதது. பெருமாள் காலில் அந்தச் செருப்பும் வந்துவிட்டது.

மடத்து தர்மகர்த்தா தோல் மண்டிக்காரர். அவருக்கே பொறுக்கவில்லை. "நான் சோறு துன்றதே தோல்லதான். அதுக்காக சாமி கால்ல செருப்பா? இன்னா மாஸ்டர் இது? சாயங்காலமே சுண்ணாம்பு அடிச்சிடறேன்."

மாஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது. மாதக்கணக்கில் உழைத்த சுவர் அது. ஆனாலும், "பறந்து வர்றவருக்கு அது இல்லாம எப்டிங்க?" என்று பிடிவாதம் பிடித்தார்.

உடன் நின்றிருந்த எனக்கு எரிச்சல் வந்தது. "யானை கத்தறது காதுல விழுந்தப்புறம், செருப்பத் தேடி மாட்டிக்கினா வருவாரு?" என்று கேட்டுவிட்டேன்.

மாஸ்டர் தூரிகையைக் கையில் எடுத்தார். பிறகு ஏணியில் ஏறிச் செருப்பை அழித்து, வெறும் பாதங்களை வரைந்தார். தர்மகர்த்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுவர் பிழைத்தது.

வீடு திரும்பும் வழியில் மாஸ்டர் சொன்னார்: "இத்தன வருஷமா அவசரத்த வாள்லயும் பறக்கற துணியிலயும் தேடிக்கினு இருந்தேன் சார். அது கால்ல இருந்திருக்கு." அன்று முதல் என்னைத் தம் வாத்தியார் என்று கேலி செய்வார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அந்த ஞாயிறன்று அவர் வீட்டு வாசலில், முன்பே வந்தவர்களின் செருப்புகள் கிடந்தன. என்னுடையதையும் கழற்றப் போனேன். காலில் ஒன்றுமில்லை. பாதமெல்லாம் தெருப்புழுதி.

பெருமாள் நேரத்துக்கு வந்து சேர்ந்தார், மாஸ்டர். நான் பிந்திவிட்டேன். போய் வாருங்கள்.