மூக்கைப் பொத்தாத தெரு

ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. யாரும் மூக்கைப் பொத்தக் கூடாது. குடிக்கலாம், அடித்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் தூங்கலாம். பாதிரியார் வந்து திட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான். ஆனால் தோல் பதனிடும் கிடங்குச் சுவரோரம் நடக்கும்போது ஒருவருடைய முந்தானையோ துண்டோ மூக்கருகே போய்விட்டால், அன்றோடு அவரிடம் பேச்சு கிடையாது.

காரணம் இருக்கிறது. மதராஸுக்குப் போகும் ரயில் எங்கள் கிடங்குகளைத் தாண்டும்போது படபடவென்று ஜன்னல் பலகைகள் இறங்கும். உள்ளே இருக்கும் மகராஜன்கள் காலில் மாட்டியிருக்கும் செருப்பு எந்த ஊர்த் தோல் என்று கேட்டால் தெரியாது. மூக்கைப் பொத்த மட்டும் தெரியும். சந்தைக்குப் போனால் காய்கறிக்காரி பொத்துவாள். தாலுகா கச்சேரிக்குப் போனால் குமாஸ்தா பொத்துவான். ஊரே பொத்துகிற மூக்கை நாமும் நம் வீட்டுக்குள் பொத்தினால், பிறகு எங்கே போய் மூச்சு விடுவது?

அதனால் வெளியூர் மருமகள் வந்தால் நேர்வழியில் அழைத்துவர மாட்டோம். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிகளை ஒட்டிய சந்தில் நடத்திக் கூட்டிவருவோம். வாசலில் நிற்கும் பெண்கள் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள். சத்துவாச்சாரியில் வயல் ஓரத்து வீட்டில் பிறந்த தேவகிருபை, ஐசக்குக்கு வாழ்க்கைப்பட்டு அந்தச் சந்தில் வந்தபோது, இரண்டு கையையும் தொங்கவிட்டபடி, கண்ணில் தண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டே நடந்தாள். எங்கள் தெருவில் அதற்கு மேல் ஒரு பெண்ணால் பெயர் வாங்க முடியாது. அப்படிப்பட்டவள் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

ஐசக்குக்குக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டும் வேலை. ஒரு மழைக்காலத்தில் சுண்ணாம்பு அவன் பாதங்களைத் தின்றுவிட்டது. விரலிடுக்கெல்லாம் வெந்து, கால் ஊன்ற முடியாமல் பாயில் கிடந்தான். அந்தச் சமயத்தில், குன்னூரில் தேயிலைத் தோட்டத்துத் துரைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பாதிரியார் சொன்னார். தேவகிருபை தன் மகள் லேயாளை ஐசக்கின் தங்கை ஞானசுந்தரியிடம் விட்டுவிட்டு மலை ஏறினாள். லேயாளுக்கு அப்போதுதான் பால்பல் ஆட ஆரம்பித்திருந்தது. தன் பிள்ளைக்குச் சோறு போட ஊரான் பிள்ளையைத் தாலாட்டப் போவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை.

துரைசானிக்கு ஒரு பழக்கம். தினமும் காலையில் தேவகிருபை மருந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்து, உள்ளங்கை இரண்டையும் நீட்ட வேண்டும். துரைசானி குனிந்து மோந்து பார்ப்பாள். சந்தையில் மீன் வாங்குகிறவள் மீனுக்குக் கொடுக்கிற மரியாதைதான். சரியாக இருந்தால் குழந்தையைத் தூக்கலாம். இல்லையென்றால் மறுபடியும் குளியல். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தேவகிருபைக்கு முதலில் உடம்பெல்லாம் கூசியது. பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் இதில் எல்லாவற்றையும்விட அருவருப்பு. போகப் போகத் துரைசானி கேட்காமலே தேவகிருபை கையை நீட்டினாள்.

துரைப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுத் தன் பிள்ளையை நினைத்து அழுவாள். லேயாள் உச்சந்தலையில் ஒரு வாசனை உண்டு, பாலும் எண்ணெயும் கலந்தாற்போல இருக்கும் என்று அங்கிருந்த சமையல்காரனிடம் சொல்லுவாளாம். எந்தக் காலத்தில் இருந்தது அந்த வாசனை? சுண்ணாம்புக் குழிக்கு எதிர்வீட்டில் வளரும் பிள்ளையின் தலையில் சுண்ணாம்புக் குழிதான் இருக்கும். துரைப் பிள்ளையிடம் முகர்ந்ததைத் தன் பிள்ளையின் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு ஏங்கியிருக்கிறாள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒருவழியாக ஐசக்கின் கால் ஆறி, அவன் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, துரைசானி ஊருக்குப் போய்வர விடை கொடுத்தாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் திரும்பிவர வேண்டும் என்பது பேச்சு. லேயாளுக்கு என்று காகிதம் சுற்றிய ஒரு சோப்புக்கட்டியையும் கொடுத்தாள். தேவகிருபை அதைப் பெரிய பரிசு என்று மடியில் முடிந்துகொண்டாள்.

ரயில் வாணியம்பாடித் தோல் கிடங்குகளை நெருங்கும்போது எதிரில் இருந்த பட்டுச் சேலைக்காரி ஜன்னலை இறக்கினாள். "எப்படித்தான் இந்த நாத்தத்துல மனுசங்க இருக்காங்களோ!"

தேவகிருபைக்கு மண்டைக்கு ஏறியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்க வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் அந்தக் காற்று போனது. வயிறு ஒரு புரட்டுப் புரட்டியது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பசியாக இருக்கும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

ஆம்பூர் ஸ்டேஷனில் ஞானசுந்தரி லேயாளைக் கூட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளைக்குப் புதுப் பாவாடை, தலை நிறைய கனகாம்பரம். அம்மாவைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தது. தேவகிருபை குனிந்து இரண்டு கையையும் விரித்தாள். அந்த நேரம் பார்த்துக் கிடங்குப் பக்கமிருந்து காற்று திரும்பியது. அழுகிய தோல்சவ்வும் சுண்ணாம்பும் ஊறிய தண்ணீரின் நாற்றம் முகத்தில் வந்து மோதியது. விரித்த கைகளில் ஒன்று, அவளைக் கேட்காமலே, முந்தானையை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டது.

லேயாள் ஓடிவந்த வேகத்தில் அப்படியே நின்றாள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம், அந்தச் சைகை தெரியாமல் இருக்காது. ரயிலில் மூக்கைப் பொத்துகிறவர்களைப் பார்த்துக் கல் எறிந்து பழகியவர்கள். இன்றைக்கு அது அம்மா கையிலிருந்து வந்திருக்கிறது, எறியக் கல் இல்லை.

"இன்னா அண்ணி, மலை மேல போயி புதுசா மூக்கு மொளச்சிடுச்சா?" என்றாள் ஞானசுந்தரி.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. தேவகிருபை வீடு போய்ச் சேரும் முன்பே சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. வாசல்களில் பெண்கள் நின்றார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்கிறோமே, அந்தக் காக்கை கொஞ்ச நாள் மயில் கூட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று யாராவது சொன்னார்களா? வீட்டுக்குள் எதைத் தொட்டாலும் அந்த நாற்றம். பாயில், பானையில், குடிதண்ணீரில். ஞானசுந்தரி ஆசையாகக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு கவளம் போனதும் தேவகிருபை கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது லேயாள் தன் தட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தன்னால்தான் அம்மாவுக்குக் குமட்டுகிறது என்று அது முடிவு கட்டிவிட்டது.

ஐசக் வேலை முடிந்து வந்தான். நடந்ததைக் கேட்டான். கோபப்படவில்லை.

"ரெண்டு நாள் போனா பழகிடும். கல்யாணமாகி வந்த புதுசுல பழகிக்கினியே" என்றான்.

"அப்ப நான் கையத் தூக்கலியே."

"இப்ப தூக்கிட்ட இல்ல?"

அதோடு அவன் படுத்துக்கொண்டான். நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவகிருபைக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாய் தன் குட்டியை நக்குகிறது, அதற்கு மூக்கு இல்லையா? பெற்ற பிள்ளை கைக்கு எட்டும் தூரத்தில் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறது, எனக்குக் குமட்டுகிறது, நான் என்ன பிறவி என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

காலையில் லேயாளைக் காணவில்லை. கிணற்றடியிலிருந்து சரக் சரக்கென்று ஏதோ தேய்க்கிற சத்தம் வந்தது. போய்ப் பார்த்தாள். இரவு தலைமாட்டில் வைத்திருந்த குன்னூர் சோப்புக்கட்டி தேய்ந்து தேய்ந்து வெற்றிலைக் கனத்துக்கு வந்திருந்தது. பிள்ளை அதை ஓரமாக வைத்துவிட்டு, செங்கல் துண்டு ஒன்றை எடுத்துக் கையில் அரக்கிக்கொண்டிருந்தது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அழவில்லை. பாத்திரம் தேய்ப்பது போல மும்முரமாகத் தேய்த்தது.

அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றது. பக்கத்தில் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே உள்ளங்கை இரண்டையும் நீட்டியது.

"இப்ப மோந்து பாரும்மா."

தேவகிருபைக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை அது தோல் நாற்றத்தால் வந்த குமட்டல் இல்லை. குன்னூர் பங்களாவில் தினமும் தான் நின்ற நிலை அது. அதே நீட்டல். அதே, பாஸா இல்லையா என்று முகத்தைப் பார்க்கும் கண். துரைசானியின் இடத்தில் இப்போது தான் நிற்கிறோம் என்பது உறைத்தபோது, அந்த அம்மாளின் மேலும், மணக்கிற சோப்பின் மேலும், நீட்டிப் பழகிய தன் கையின் மேலும் ஒரே வெறுப்பாக வந்தது. மிச்சமிருந்த சோப்பை எடுத்துக் கிடங்குத் தண்ணீர் ஓடும் சாக்கடையில் விட்டெறிந்தாள். பிள்ளையைத் தூக்கப் போனாள். லேயாள் பின்வாங்கி, சத்தம் கேட்டு வந்து நின்ற அத்தை பின்னால் ஒளிந்துகொண்டாள்.

தேவகிருபை வீட்டுக்குள் போகவில்லை. நேரே கிடங்குக்கு நடந்தாள். மேஸ்திரி முனீர் அகமது அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, துரை வூட்டு வேலை இன்னாச்சு? இங்க கூலி கம்மி, பேஜார் ஜாஸ்தி."

"தெரியும் பாய். ரோமம் அலச எடம் குடுங்க."

சுண்ணாம்பில் ஊறி உதிர்ந்த ஆட்டு ரோமத்தை அலசும் வேலையை எங்கள் பெண்களே வேறு கதி இல்லாவிட்டால்தான் செய்வார்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் கொழகொழவென்று சவ்வும் கொழுப்பும் மிதக்கும். புழு நெளியும். தேவகிருபைக்கு எத்தனை தடவை ஓங்கரித்தது என்று கணக்கில்லை. சுற்றி நின்றவர்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை இரண்டும் பொழுது சாயும் வரை தண்ணீருக்குள்ளேயே இருந்தன.

வேலை விட்டதும் பெண்கள் எல்லாரும் வாய்க்காலில் முழுகிவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். தேவகிருபை முழுகவில்லை. தலையிலும் சேலையிலும் ஒட்டியிருந்த ரோமத்தோடு, சொட்டச் சொட்ட, தெரு நடுவில் நடந்து வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து, "லேயாள்" என்று கூப்பிட்டாள்.

பிள்ளை கதவு வரை வந்து நின்றது.

தேவகிருபை உள்ளங்கை இரண்டையும் நீட்டினாள். "மோந்து பாரு."

லேயாள் மெதுவாக வந்து குனிந்தாள். ஒரு கையை மோந்தாள். இன்னொரு கையையும் மோந்தாள். அந்த நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது நாற்றமாகப் பட்டிருக்க நியாயமே இல்லை. இருந்தாலும் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே, பாவாடை நுனியை எடுத்து மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. சட்டத்தை மீறியதற்காக யாரும் அந்தப் பிள்ளையை அதட்டவில்லை. தேவகிருபை நீட்டிய கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"உவ்வே, நீயும் நாறுற" என்றாள் லேயாள். பொத்திய மூக்கை எடுக்காமலே அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.