அத்தையின் முழம்

வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டாத காலம். பூந்தமல்லியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த கணக்கு வாத்தியாருக்கு ஒரு விசித்திர ஆசை. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் நாங்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கக் கூடாதாம். ஆளுக்கொரு விஷயத்தை ஊருக்குள் போய் அளந்து, படமாக்கி மாட்டி, விளக்கிச் சொல்ல வேண்டுமாம். ஒருத்தன் கிணறுகளின் ஆழத்தை எடுத்துக்கொண்டான். நான் கோயில் வாசல் பூக்காரிகளின் முழத்தை எடுத்துக்கொண்டேன்.

காரணம் அத்தை. ரங்கூனுக்குப் போன மாமா திரும்பி வராததால் அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். அந்த வாசலில் மல்லிகை விற்று, தன் சோற்றைத் தானே சம்பாதிக்கும் வீம்போடுதான் இருந்தாள்.

பூ அளப்பதுபோலவே வாழைநாரை அளந்து தரச் சொன்னேன். அதை அடிக்கோலில் வைத்துக் குறித்துக்கொள்வது என் திட்டம். அத்தைக்குப் பக்கத்துக் கடைக்காரி அளந்துவிட்டு, "இத்த யாருக்குடி காட்டப் போற?" என்றாள்.

"பெரிய ஆபீசருக்கு."

"அய்ய, மொதல்லயே சொல்றதில்ல? குடு, இன்னொரு தபா அளக்கறேன்."

நிமிர்ந்து உட்கார்ந்து, விரல்களை விறைப்பாக நீட்டி அளந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஆராய்ச்சிக்கு என்ன மரியாதை என்று நான் பூரித்துப்போனேன். அத்தை மட்டும் யாருக்கோ பூ கொடுத்தபடியே, என்னைப் பார்க்காமல் அளந்து நீட்டினாள். அவளுக்குக் குள்ள உருவம், குட்டைக் கை.

ஒவ்வொருத்தியின் முழ அளவுக்கும் வண்ணக் காகிதத்தை நீளநீளமாக வெட்டி ஒட்டினேன். பூக்காரிகளின் பெயர் வேண்டாமே என்று வாத்தியார் இழுத்தார். பெயரில்லாமல் என்ன ஆராய்ச்சி? கொட்டை எழுத்தில் எழுதினேன். இன்ஸ்பெக்டர் "பேஷ்" என்றார். வேடிக்கை பார்க்க வந்த ஊர் ஜனம் கிணறுகளைச் சீந்தவில்லை. என் படத்தின் முன்னால்தான் கூடியது. பக்கத்துக் கடைக்காரியின் காகிதம் எல்லாவற்றிலும் நீளம். அத்தையுடையது கடைசி.

அன்று சாயங்காலமே கூட்டம் பக்கத்துக் கடைக்கு நகர்ந்தது. அத்தை நிறைந்த கூடையோடு வீடு திரும்பினாள். மறுநாளும் அப்படியே. அம்மா எல்லாச் சாமி படங்களுக்கும் பூ சாத்தினாள், மிச்சத்தை வாசல் நிலைக்கும் சுற்றினாள், என்னோடு மட்டும் பேசவில்லை.

"கொயந்த இன்னா பண்ணும் அண்ணி? அளந்தத எய்திச்சு" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கோ அவள் மேல்தான் கோபம். நீயும் கையை நன்றாக நீட்டியிருக்கலாமே என்று கேட்டேன்.

"தெனம் நீட்ற கையத்தானே நீட்ட முடியும்?" என்றாள்.

கொஞ்ச நாளில் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வர ஆரம்பித்தார்கள். "அங்க வாங்கிகினு போனா கொண்டைக்கே பத்த மாட்டேங்குது" என்றாள் ஒருத்தி. அதற்குள் முடி அவ்வளவு வளர்ந்துவிட்டதா என்று அவள் கொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தையின் கூடை பழையபடி காலியாக வந்தது. அம்மாவும் என்னோடு பேச ஆரம்பித்தாள். வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் மட்டும் மூலையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். இன்ஸ்பெக்டரே பேஷ் சொன்ன என் படத்தை இந்த ஊர் இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டதே என்று.