எதிர்மலை கேட்ட வயலின்

முதல் அறிகுறி என் காதில்தான் விழுந்தது. இலங்கை மலையகத்து ஹட்டனில் எங்கள் வீட்டு அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். முன்னறையில் என் கணவர் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று சுருதி விலகியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாசிப்பில் நான் அப்படிக் கேட்டதே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். வில் பிடித்த வலக்கை சரியாகத்தான் இருந்தது. இடக்கை விரல்கள் தந்தியில் நிற்காமல் வழுக்கின. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், கை மரத்துப்போச்சு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர், பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுவது) என்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"உயிருக்குப் பயமில்லை அம்மா. பிசியோதெரபி (தசைகளை மறுபடி பழக்கும் பயிற்சி) செய்ய வேணும். அந்தக் கையைப் பாவிச்சு வேலை வாங்கினாத்தான் அது பழையபடி திரும்பும்."

இவரோ பயிற்சி தர வந்த பெண்ணிடம் கையையே கொடுக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பேச்சு குழறலாகத்தான் வந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. பூண்டுலோயாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, வானொலியில் தனிக்கச்சேரி வாசித்த மனுஷன் இப்படிக் கிடக்கலாமா?

அந்த வானொலிப் பதிவுகளைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். திருவிழாவுக்குத் தவறாமல் ஸ்பீக்கரில் போடுவார்கள். இவருக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டதும், குணமாக வேண்டுமென்று காலையிலிருந்து அவற்றையே போட்டிருக்கிறார்கள். அங்கேதான் வந்தது வினை. ஸ்பீக்கர் சத்தம் எதிர்மலை லயம் வரை கேட்கும். திருவிழா இல்லாத நாளில் விடாமல் ஸ்பீக்கர் கேட்டால், எங்கள் பக்கத்தில் அது சாவு வீடு.

கொழுந்தனார் மூச்சிரைக்க வார்டுக்குள் வந்தார்.

"அண்ணி, எதிர்மலைக்காரங்க வெள்ளைக்கொடி கட்டிட்டாங்க. மலர்வளையத்தோட லொறியில நம்ம வீட்டு வாசல்ல வந்து எறங்கிட்டாங்க. அண்ணன் உசுரோட இருக்காருன்னா நம்ப மாட்டேங்கிறாங்க!"

கட்டிலிலிருந்து ஏதோ சத்தம். பதறித் திரும்பினேன். பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருமா வந்தாங்க?"

"வேலைக்குக்கூடப் போகலண்ணே. மொத்த லயமும் வந்துருச்சு."

அவர் கண் கலங்கியது. "அப்ப நா வாசிச்சுக் காட்டணும் புள்ள. அந்தப் பொண்ண வரச் சொல்லு."

அன்றே கையைக் கொடுத்தார். ரப்பர் பந்தை அமுக்கினார், சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டினார். பிறகுதான் வயலின். உலை கொதிப்பதற்குள் ஒரு ராகத்தைச் சுற்றி வந்தவருக்கு, ஒரே வரியில் காலைப்பொழுது கழிந்தது. மோதிர விரல் இன்றுவரை சொன்ன பேச்சுக் கேட்பதில்லை.

அடுத்த திருவிழாவுக்குக் கோயில் மைக் முன்னால் உட்கார்ந்தார். மெதுவாகத்தான் வாசித்தார். இரண்டாவது வரியில் அதே மாதிரி சுருதி வழுக்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். எதிர்மலையிலிருந்து சரவெடிச் சத்தம் கேட்டது.

அங்கிருந்து வந்த ஒரு அம்மா பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பழச போட்டா ஒரு தப்பும் இருக்காதுங்களே. இன்னைக்கு ஒரு எடத்துல வழுக்குச்சு பாருங்க, அப்பதான் ஐயாவே ஒக்காந்து வாசிக்கிறாருன்னு தெரிஞ்சிச்சு. ஒடனே வெடியக் கொளுத்திட்டோம்."

கொழுந்தனார் போனில் பதிந்த அந்த வாசிப்பும் இப்போது கோயிலில், வானொலிப் பதிவுகளோடு இருக்கிறது. வீட்டில் நான் அதைத்தான் போடுகிறேன். அன்று காலை என்னை ஓடவைத்ததைப் போன்ற அந்தப் பிசகு வரும் வரைக்கும், அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன்.