ஒரு விரல் தண்ணீரில் ஓர் இடமாற்றம்

இரும்பு கடையும் லேத்து எந்திரத்தின் எடை ஆயிரத்து நானூற்றிருபது கிலோ என்று அதன் காலில் பதித்திருந்த பித்தளைத் தகடு சொன்னது. லேத்தக்கா தகட்டை நம்பவில்லை. தகடு அடித்த பிறகு சேர்ந்த மோட்டாரையும் இரும்புச் சட்டத்தையும் கழற்றித் தராசில் வைத்தாள். மொத்தம் ஆயிரத்து நானூற்று அறுபத்தெட்டு என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். அந்த நாற்பத்தெட்டு கிலோவுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

அந்தத் தீவில் வீடுகள் நானூற்றுப் பன்னிரண்டு, படகுகள் தொண்ணூற்று மூன்று, லேத்து ஒன்றே ஒன்று. எஞ்சின் ஷாஃப்ட் வளைந்தாலும் புரொப்பெல்லர் இதழ் ஒடிந்தாலும் லேத்தக்காவிடம்தான் வர வேண்டும். அவளை விட்டால் மறுகரைக்குப் போக ஆறு மணி நேரக் கப்பல், அதுவும் இரண்டு நாளுக்கு ஒரு முறை. மாமனார் கை நடுங்கத் தொடங்கிய வருடம் அவள் அந்த எந்திரத்தின் முன் வந்து நின்றாள். அப்போது வயது இருபத்தாறு, இப்போது நாற்பத்தேழு. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் அட்டையோடு சரி.

படகுத்துறையை அகலப்படுத்தப் போவதால் பட்டறைக் கொட்டகையை அடுத்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று துறை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. புது இடம் கிடைத்தது. உப்பங்கழிக்கு அந்தப் பக்கம், நேர்க்கோட்டில் அறுநூற்று நாற்பது மீட்டர் தூரம். சிமெண்டுத் தரை, அகலமான கதவு, கதவுக்கு முன்னால் தண்ணீர் வரை இறங்கும் சரிவு. எல்லாம் சரிதான், லேத்து எப்படிப் போகும்? நடுவில் இருக்கும் மரப்பாலம் ஒரு டன்னுக்கு மேல் தாங்காது. தீவில் கிரேன் கிடையாது. பிரித்துக் கொண்டுபோகலாம் என்றால், அந்த வயதான எந்திரத்தைப் பிரித்தால் மறுபடி நேராகச் சேருமா என்பது சந்தேகம். கழியில் கவிழ்ந்தால் கேட்கவே வேண்டாம், இன்னொரு லேத்து வாங்க அவளுக்கு இந்த ஆயுள் போதாது.

"பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியா இரு தாயி," என்றாள் மீன்காரம்மா.

"உன் தராச மொதல்ல போடு, நானும் போடுறேன்," என்றாள் லேத்தக்கா.

பட்டறையின் பின்சுவர் கடலில் இறங்கும் இடத்தில், அவள் ஒவ்வோர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் ஏறிய உயரத்தை இரும்பு ஊசியால் கோடு கீறி வைத்திருந்தாள். ஒரு முறை கடல் உள்ளே புகுந்து லேத்தைத் துருப்பிடிக்க வைத்ததிலிருந்து இந்தப் பழக்கம். பத்தொன்பது வருடத்தில் நானூற்று எழுபது கோடு இருக்க வேண்டும். இருந்தது நானூற்று அறுபத்தொன்பது. குறைந்த ஒன்று, மகள் பிறந்த நாள். அந்தச் சுவரை முதல் முறை பார்ப்பவர்கள் கோடுகளை விரலால் தடவிப் பார்ப்பார்கள். கடல் தானே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது போல் இருக்கும்.

லேத்தக்காவின் தங்கை கணவருக்கு ஊர் வைத்த பெயர் 'நாளைக்கு'. எந்த வேலையைக் கேட்டாலும் அவர் வாயில் வரும் முதல் சொல் அதுதான். செங்கல் ஏற்றும் தட்டையடிப் படகு ஒன்று அவரிடம் இருந்தது. அதன் ஷாஃப்ட் ஆடத் தொடங்கி மூன்று வருடமாகிறது. கரையேற்றிப் பிரிக்க வேண்டும். நாளைக்கு.

"அண்ணி, கிரேன் இல்லாத ஊர்ல இத யாரு தூக்குவா?" என்று அவர் கேட்டார்.

"கடல் தூக்கும்."

"கூலி?"

"கேக்காது. சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன நேரத்துக்குப் போயிடும். உன்ன மாதிரி இல்ல மாப்ள."

வரும் பௌர்ணமிக்கான திட்டம் நோட்டில் முப்பத்தொரு படிகளாக இருந்தது. அதற்கு முதல் நாள் உச்ச நீரில் காலிப் படகைப் பட்டறை ஓரம் கொண்டுவந்து தரைதட்ட விடுவது. காலையில் நீர் வற்றியதும் லேத்தைக் குழாய்கள் மேல் உருட்டிப் படகில் ஏற்றுவது. பகல் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு உச்ச நீர் வரும்போது படகு மிதக்கும். காலிப் படகு ஒரு சாண் அமிழும், லேத்து ஏறினால் இன்னும் நாலரை விரல். கூட ஒரே ஆள்: லேத்தக்கா, ஐம்பத்து நாலு கிலோ. எல்லாம் போக மிச்சம் ஒரு விரல் தண்ணீர்.

'நாளைக்கு' நோட்டை மேலோட்டமாகப் புரட்டினார். "அதுக்கு அடுத்த பௌர்ணமிக்கு இதவிட எட்டு விரல் கூட ஏறும்னு நீங்களே எழுதிருக்கீங்க. அத விட்டுட்டு எதுக்கு இந்த ஒரு விரல நம்பிட்டு?"

"அந்தத் தண்ணி வேற வேலைக்கு வேணும்."

"என்ன வேல?"

"நாளைக்குச் சொல்றேன்."

பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

பௌர்ணமியன்று காலை ஆறு பத்துக்குத் தொடங்கி எட்டு இருபத்தைந்துக்குள் லேத்து படகில் ஏறிவிட்டது. அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. தண்ணீர் வந்தது. முதலில் சேற்றில் ஈரம், பிறகு படகின் விலா நனைந்தது, பிறகு அவள் ஊன்றி வைத்திருந்த கம்பில் ஒவ்வொரு கோடாக மறைந்தது. படகு மிதக்க வேண்டிய மட்டத்துக்குச் சிவப்புக் கோடு. பதினொன்று முப்பத்தொன்றுக்கு அதுவும் மறைந்தது.

படகு அசையவில்லை.

பதினொன்று முப்பத்தாறு. எடை தப்பா? கோடு தப்பா? பத்தொன்பது வருடச் சுவர் தப்பா? கம்பிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்தபோதுதான் கண்டாள். லேத்தைச் சுற்றிப் பதினொரு பேர் நின்றார்கள்.

தீவில் அப்படித்தான். பீரோ கடலேறினாலும் தையல் மிஷின் கடலேறினாலும், கூடவே நாலு பேர் ஏறிக் கையால் பிடித்துக்கொண்டு போவார்கள். யாரும் கூப்பிட வேண்டாம், யாரும் கேட்கவும் மாட்டார்கள். காலையிலிருந்து ஒவ்வொருவராக ஏறியிருக்கிறார்கள். அவளும் இதே ஊரில் பிறந்தவள், அதனால் அது அவள் கண்ணில் படவே இல்லை. ஆள் ஒன்றுக்கு அறுபது என்றாலும் அறுநூற்று அறுபது கிலோ, இரண்டு விரல் தண்ணீர். ஊர் கூடித் தேர் இழுக்கலாம், ஊர் கூடித் தேர்மேல் ஏறி நின்றால்?

"இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!"

"எறங்கறதா? கவுந்தா என்ன பண்ணுவ?" என்றாள் மீன்காரம்மா, இரண்டு கையாலும் லேத்தை அணைத்தபடி. "நாங்க புடிச்சிருக்கறதாலதான் நிக்குது!"

"ஆமாக்கா, நிக்குது! போக மாட்டேங்குது! கனம்!"

"என்னையா கனம்ங்கற?"

"வாய மட்டும் கரையில எறக்கி வைங்க, படகு பறக்கும்," என்றார் 'நாளைக்கு', அவரும் படகில் நின்றுகொண்டு.

"நீ மொதல்ல எறங்கு மாப்ள!"

அவர் இறங்கினார். பிறகு ஒவ்வொருவராக, மனசே இல்லாமல், கடைசி நொடி வரை ஒரு விரலாவது லேத்தில் பட இறங்கினார்கள். கடைசியாக மீன்காரம்மா. அவள் கால் தண்ணீரில் பட்டது.

சத்தமே இல்லை. ஒன்றரை டன் இரும்பு, யாரும் தொடாமல், தூக்கத்தில் புரளும் குழந்தை போல இலேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. படகின் அடியில் சேறு விட்டுக்கொடுத்தது லேத்தக்காவின் உள்ளங்காலில் தெரிந்தது. இடுப்பளவு நீரில் நின்றவர்கள் பிடித்த கையை நீட்டியபடியே நின்றார்கள். எங்கோ கண்ணுக்குப்படாத நிலா ஒன்று கழியின் தண்ணீரையெல்லாம் ஒரு விரல் தூக்கிப் பிடித்திருக்கிறது. அதன் மேல் அவள் பிழைப்பு நிற்கிறது. கணக்குப் போட்டவள் அவள்தான். ஆனாலும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"யாரும் மூச்சு விடாதீங்க," என்று மீன்காரம்மா இரகசியமாகச் சொன்னாள்.

பதினொன்று நாற்பத்தொன்று. சின்ன எஞ்சின் படகு கயிறு கட்டி இழுக்க, லேத்து கழியைக் கடந்தது. பதினொரு பேரும் மரப்பாலம் வழியாக ஓடி, அது வருவதற்கு முன் மறுகரையில் நின்றார்கள். இனி அவர்கள் வேலை. படகின் தளமும் கதவின் வாசலும் ஒரே மட்டத்துக்கு வந்தால்தான் லேத்து கவிழாமல் உள்ளே போகும். அதற்குப் படகையே சரிவில் மேலே ஏற்ற வேண்டும். உருளைக் கட்டைகள், தூணில் மாட்டிய, சங்கிலியால் பாரம் இழுக்கும் செயின் பிளாக், ஈரம் சொட்டச் சொட்ட ஊர். இரண்டு மணி ஐந்துக்குப் படகு வாசலைத் தொட்டது. மூன்றரைக்கு லேத்து சிமெண்டுத் தரையில் இருந்தது. மட்டம் பார்த்து, நாலு ஐம்பதுக்கு ஒரு கம்பியைக் கடைந்து பார்த்தாள். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு முடிகூட வித்தியாசமில்லை. அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள்.

"சரி அண்ணி," என்று 'நாளைக்கு' கையைத் துடைத்துக்கொண்டார். "என் படக எறக்கிக் குடுங்க."

வாசலில் படகு காய்ந்த தரையில் நிமிர்ந்து நின்றது. கடல் அதற்கு வெகு கீழே போயிருந்தது.

"நாம எறக்க வேணாம், கடலே வந்து தூக்கும். அது மிதக்க இன்னிக்கு ஏறினதவிட ஆறு விரல் வேணும் மாப்ள. அடுத்த பௌர்ணமிக்கு எட்டு விரல் வரும்." அவள் நோட்டை நீட்டினாள். முப்பத்தொன்றாவது படி: *மாப்பிள்ளை படகு. ஷாஃப்ட் கழற்றி மாற்ற இருபத்தொன்பது நாள்.*

அவர் நோட்டைப் பார்த்தார், படகைப் பார்த்தார், வெளுத்த வானத்தில் நிலா எழும்பப் போகும் பக்கம் பார்த்தார்.

"அண்ணி," என்றார் மெதுவாக, "நெலாகிட்டயும் சொல்லிட்டீங்களா?"

லேத்தக்கா புதுச் சுவரில் நானூற்று எழுபதாவது கோட்டைக் கீறிக்கொண்டிருந்தாள்.

இருபத்தொன்பதாம் நாள் பதினொன்று நாற்பதுக்கு, புது ஷாஃப்ட்டோடு படகு தானாக மிதந்தது. போன பௌர்ணமியைவிடத் தண்ணீர் கூட ஏறியது ஏழே முக்கால் விரல். அந்தக் கால் விரல் எங்கே போனது என்று லேத்தக்கா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.