05/06 எந்த மாதம்?

ஒரகடம் ஃபேக்டரியில் நான் வேலை பார்க்கும் லைனில் வெல்டிங் ரோபோ அடிக்கடி நின்றுவிடும். பழி என் தலையில்தான் விழும். அதைத் தயாரித்த வெளிநாட்டு நிறுவனத்தின் இணைய மன்றத்தில், 05/06 அன்று நிபுணர்களிடம் நேரடியாகக் கேட்கலாம் என்று போட்டிருந்தார்கள்.

ஜூன் ஐந்தாம் தேதி எங்கள் ஊர் மாதா கோயிலில் தேர்பவனி. அதற்காக லீவு போட்டிருந்த தோழி ஸ்டெல்லா, "நீ போய்க் கேளுடி, உன் ஷிஃப்ட்ட நான் பாத்துக்கிறேன்" என்று கம்பெனி பஸ் ஏறிவிட்டாள்.

நான் மன்றத்தைத் திறந்தால், நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று வந்தது. அவர்கள் மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்களாம். அது மே ஆறாம் தேதியாம். விசாரித்ததற்கு, தேதியைச் சரியாகப் பார்த்திருக்க வேண்டும் என்று பதில் போட்டார்கள். உலகத்தையே கூப்பிட்டுவிட்டுத் தங்கள் ஊர் வழக்கத்தில் தேதி போட்டவர்கள் எனக்குப் புத்தி சொல்கிறார்கள்.

ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை.

"மாசத்தோட பேர எழுதுனா அவுங்க இன்னா கொறஞ்சா பூடுவாங்க?"

ஜூன் ஏழாம் தேதி அதையே மன்றத்தில் கேட்டேன். பதில் இல்லை. கேள்விக்கு மேலே தேதி மட்டும் தானாக விழுந்திருக்கிறது: 06/07. நம் ஊரில் அதைப் படிப்பவர்கள், எனக்குக் கோபம் வரவே ஒரு மாதம் ஆனது என்று நினைத்துக்கொள்வார்கள்.