சூடாகாத எஞ்சின்

பிரிஸில்லா கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது ஐம்பதைத் தாண்டியிருந்தாள். அதுவரை அவள் கணவன் டிரேவர் ஸ்டீயரிங்கைத் தொடவே விட்டதில்லை. "நீ ஓட்டினா வண்டி போச்சு" என்பான். பிறகு சர்க்கரை அவன் கண்ணை மங்கவைத்தது, அடுத்து கிட்னியைப் பிடித்தது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் என்றானதும் வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தான். கொடுத்த பிறகும் பக்கத்து ஸீட்டில் இருந்துகொண்டு ஒவ்வொரு கியருக்கும் குறை சொல்லிக்கொண்டே வருவான்.

விவேக் நகரில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. குழந்தைகள் இல்லை. அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தாள். அவன் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டியவன். அந்தப் பெட்ரோல் காரை அவன் புதிதாக வாங்கியபோது தெருவில் நாலைந்து கார்கள்தான் இருந்தன. இப்போது அது சர்ச்சுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் போய் வந்தது. இரண்டுமே பக்கத்தில்தான்.

பதினைந்து வருஷம் முடிந்ததால் ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முதலில் எமிஷன் டெஸ்ட். ஈஜிபுரா பெட்ரோல் பங்க் ஓரத்தில் நின்ற புகை டெஸ்ட் வேனுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினாள். சைலன்ஸருக்குள் குழாயை விட்டுப் பார்த்தவர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். கார்பன் மோனாக்ஸைடு அளவு சிவப்பில் இருந்தது.

"ஃபெயில் மேடம். பெட்ரோல் ஒழுங்கா எரியல. மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வாங்க."

மெக்கானிக் வெங்கடசாமி அடுத்த தெருவில் ஷெட் வைத்திருந்தான். ஏர் ஃபில்டரை மாற்றினான். ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றினான். நாலும் கரி படிந்து அடுப்பில் கிடந்தவை போல இருந்தன. புதிதாகப் போட்டு அனுப்பினான். மறுபடியும் ஃபெயில்.

"ஸ்வல்ப டைம் கொடுங்கக்கா. எங்கயோ பெட்ரோல் அதிகமா போவுது, எங்கன்னுதான் தெரியல. வண்டி இங்கயே இருக்கட்டும்."

கார் ஷெட்டில் நின்ற நாட்களில் டிரேவரை ஆட்டோவில் அழைத்துப் போனாள். போகும்போது சமாளித்துவிடுவான். திரும்பும்போது ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். ஒருநாள் வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். ஆட்டோக்காரர் காத்திருந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவர் அப்படி இரக்கப்பட்டதே டிரேவருக்கு அவமானமாக இருந்தது.

வெங்கடசாமி கடைசியில் காரை ஓட்டிப் பார்க்கலாம் என்று பிரிஸில்லாவைக் கூப்பிட்டான். அவள் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, இந்த டெம்பரேச்சர் முள்ளு எப்பவாவது மேல ஏறுமா?"

"நான் ஓட்ட ஆரம்பிச்சதிலேர்ந்து கீழதான் இருக்கு. அப்படி இருக்கறதுதான் நல்லதுன்னு நினைச்சேன்."

ஷெட்டுக்குத் திரும்பியதும் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் ஹோஸ் சேரும் இடத்தைத் திறந்தான். உள்ளே தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"யாரோ எடுத்துட்டிருக்காங்க. எஞ்சின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கறது இதோட வேலை. இது இல்லன்னா எஞ்சின் சூடே ஆவாது. வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர், இன்னும் குளிர்ல இருக்கேன்னு பெட்ரோல ஊத்திக்கிட்டே இருக்கும். நீங்க வேற பக்கத்துல பக்கத்துல மட்டும் ஓட்றீங்க."

வீட்டில் இதைச் சொன்னபோது டிரேவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். "கிருஷ்ணகிரியில எடுத்தது" என்றான்.

அவளுக்கு நினைவு வந்தது. குழந்தை வேண்டி வேளாங்கண்ணிக்குப் போன பயணம். கிருஷ்ணகிரி தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. அன்று முழுக்க அவன் அவளைத் திட்டினான்.

"வேளாங்கண்ணி போய்ச் சேரணும்னு இருந்தது எனக்கு. அந்த ரோட்டோர மெக்கானிக், இத எடுத்துட்டா இனிமே கொதிக்காதுன்னான். எடுத்துருன்னுட்டேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னா உனக்கு என்ன புரியப்போவுது?" என்றவன், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "நீ அழுதுட்டிருந்த" என்றான்.

வெங்கடசாமி புது வால்வைப் போட்டான். "சைலன்ஸர்ல படிஞ்ச கரி எரியணும். நீளமா, நிக்காம ஒரு ஓட்டு ஓட்டுங்க. சூடு ஆறறதுக்குள்ள நேரா டெஸ்டுக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பினான்.

டயாலிசிஸ் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினாள். டிரேவர் தானும் வருவதாகச் சொன்னான். சில்க் போர்டு தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறியதும் சாலை காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் அபார்ட்மெண்டுகளின் மேல்மாடிகள் நகர்ந்தன. முள் மெதுவாக ஏறி நடுவில் நின்றது. எந்த கியருக்கும் அவன் எதுவும் சொல்லவில்லை. அதுவே அவளைக் கலவரப்படுத்தியது.

"பிரிஸில்லா, எனக்குப் போதும்."

"திரும்பிடலாமா?"

"இத சொல்லல. ஆஸ்பத்திரிய சொன்னேன். இனிமே நான் போகல."

வண்டியை நிறுத்த வேண்டும் போல இருந்தது அவளுக்கு. பாலத்தின் மேல் நிறுத்த இடமில்லை. எஞ்சினும் ஆறக்கூடாது. அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனாள்.

டெஸ்டில் கார் பாஸாகிவிட்டது. டெஸ்ட் எடுத்தவர் சிரித்துக்கொண்டே காகிதத்தை நீட்டியபோது டிரேவர் பக்கத்து ஸீட்டில் தூங்கிப்போயிருந்தான்.

அதன் பிறகு அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஃபாதரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஃபாதர் அவனோடு தனியாகப் பேசிவிட்டு வெளியே வந்து, "கூடவே இரும்மா" என்று மட்டும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் லீவு போட்டாள். கால் வீங்கியது. மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். ஒருநாள் மதியம், அவள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது இறந்துபோனான்.

ஓசூர் ரோடு கல்லறையில் அடக்கம். எல்லோரும் கலைந்த பிறகு வெங்கடசாமி அவள் அருகில் வந்து நின்றான்.

"வண்டி எப்படி இருக்குக்கா?"

"நல்லா ஓடுது" என்றாள்.

அவனை அனுப்பிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்தாள். கல்லறை வாட்ச்மேன் கேட்டை மூட வேண்டும் என்று வந்து கண்ணாடியைத் தட்டும்வரை அங்கேயே இருந்தாள்.